புதுவையில் தூரதிருஷ்டிக் கண்ணாடி

1689ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தென்னிந்தியக் கடற்கரையின் வானத்தில் விடியலுக்கு முன் ஒரு வால்வெள்ளி தோன்றிற்று. அக்காலத்துப் புதுச்சேரி, பிரான்சுவா மர்த்தேன் என்ற பிரெஞ்சு வர்த்தகத் தலைவரின் பொறுப்பில், மீனவர் குப்பங்களுக்கும் நெசவாளர் தெருக்களுக்கும் நடுவே மெல்லத் தலையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பண்டகசாலை ஊரேயன்றி வேறில்லை. சயாம் தேசத்தில் முந்தின ஆண்டு மூண்ட கலகத்தினால் அங்கிருந்து வெளியேறி இவ்வூருக்கு வந்துசேர்ந்திருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைப் பாதிரியார், தம்மிடமிருந்த 12 அடி நீளத் தூரதிருஷ்டிக் கண்ணாடியை அந்த வால்வெள்ளியின்மேல் திருப்பினார். 19ஆம் தேதி, அது தென்வானத்து ஆல்ஃபா சென்டாரி என்னும் பிரகாசமான நட்சத்திரத்தின் பக்கமாகச் சென்றபோது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற அந்நட்சத்திரம் உண்மையில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நிற்கும் இரண்டு நட்சத்திரங்கள் என்பதை அவர் கண்டார். நமது சூரியனுக்கு மிகவும் சமீபத்திலுள்ள நட்சத்திரக் குடும்பம் அதுவே என்பது பின்னர் தெரியவந்த சங்கதி. நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. இந்திய மண்ணில் நின்று தூரதிருஷ்டிக் கண்ணாடியால் நிகழ்த்தப்பட்ட ஆதிக் கண்டுபிடிப்புகளுள் ஒன்று இப்படி வேறொன்றைப் பார்க்கப்போன இடத்தில் தற்செயலாக வாய்த்தது.

இந்தக் காலத்தில் புதுவையில் ஏரிக்கரைப் பறவைகளையும் மொட்டைமாடி நட்சத்திரங்களையும் ஒரே கருவியால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு விலையுயர்ந்த பைனாகுலர் தேடிப் புறப்படுகிறவர்கள், கடைக்குள் கால் வைத்ததும் கேட்கிற முதற்கேள்வி, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதே. கேள்வியில் குற்றமில்லை, அதை முதற்கேள்வியாக வைப்பதில்தான் குற்றம். ரிஷோ பாதிரியார் காலந்தொட்டு இவ்வூரில் கண்ணாடி பிடித்தவர்களின் கதையைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அவர்களை வாட்டியது பெருக்கம் போதாமை அன்று; வர்ணக் கலப்பும், கை நடுக்கமும், காற்றின் கொதிப்பும், மேகமும்தான் அவர்களுடைய வைரிகள் என்பது விளங்கும்.

12 அடிக் குழாய் எதற்கு என்று கேட்கலாம். ஒற்றைக் கண்ணாடி வில்லை எதுவும் வெள்ளொளியைச் சிதறடித்து, பார்க்கும் பொருளைச் சுற்றி ஊதாவும் சிவப்புமாக ஒரு விளிம்பு கட்டிவிடும். வில்லையின் வளைவைக் குறைத்துக் குவியத்தை வெகுதூரம் தள்ளினால் அந்தக் கேடு அடங்கும். ஆகையால் பதினேழாம் நூற்றாண்டினர் வில்லையைத் திருத்தும் உபாயம் தெரியாமல் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். அத்தகைய குழாயைக் கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வானத்தின் ஊசிமுனையளவு இடத்தை அதற்குள் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் நட்சத்திரம் நகர்ந்துவிடும். 1758ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் டாலண்டு என்பவர், இருவேறு இயல்புள்ள கண்ணாடிகளை இணைத்து வர்ணக் கலப்பை ஒழிக்கும் வில்லைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே மூன்றடிக் குழாய் பதினைந்தடிக் குழாயின் வேலையைச் செய்யத் தொடங்கிற்று.

அந்த மூன்றடிக் கண்ணாடி ஒன்று புதுவைக்கு வந்த விதம் விசித்திரமானது. அதைச் சொல்ல, கியோம் லெ ழான்தி என்ற பிரெஞ்சு வானநூலறிஞரின் பரிதாப சரித்திரத்துக்குள் புகவேண்டும்.

சுக்கிரன் சூரிய பிம்பத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து செல்வது அபூர்வமான நிகழ்ச்சி. எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தால், பிறகு நூறாண்டுக்கு மேல் அந்தப் பேச்சே இல்லை. பூமியின் பல பாகங்களில் இருந்துகொண்டு அதன் ஆரம்பத்தையும் முடிவையும் துல்லியமாகக் குறித்தால் சூரியனுடைய தூரத்தைக் கணித்துவிடலாம் என்று எட்மண்டு ஹாலி 1716இல் எழுதிவைத்துப் போனார். 1761 ஜூன் 6ஆம் தேதி நிகழவிருந்த சுக்கிரனின் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக லெ ழான்தி 1760 மார்ச்சில் பிரெஸ்த் துறைமுகத்தில் கப்பலேறினார். மொரீசு தீவை ஜூலையில் அடைந்தார். அங்கிருந்து சோழமண்டலக் கரைக்குக் கப்பல் கிடைக்க மறு ஆண்டு மார்ச் ஆயிற்று. பருவக்காற்று எதிர்த்தது. மே 24ஆம் தேதி மலையாளக் கரையில் மாஹே அருகே வந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது என்ற செய்தி காத்திருந்தது. அவ்வாண்டு ஜனவரி 16ஆம் தேதி நகரம் சரணடைந்துவிட்டது. கால் நூற்றாண்டு காலம் இவ்வூரின் நடப்புகளைத் தினப்படி எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முந்திக் கண்மூடியதால் அந்தக் காட்சியைக் காணாது போனார்.

கப்பல் மொரீசுக்கே திரும்பிற்று. கடப்பு நாளன்று வானம் நிர்மலமாக இருந்தது. லெ ழான்தி நடுச்சமுத்திரத்தில், ஆடுகிற கப்பல் தளத்தின்மேல் நின்றுகொண்டு, சூரியன்மீது சுக்கிரன் போவதைக் கண்ணாரக் கண்டார். பார்த்த பார்வை சாஸ்திரத்துக்குப் பயன்படவில்லை. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகை நிச்சயமாகத் தெரியாது. அலைமேல் ஆடும் குழாயில் சூரியனின் விளிம்பு ஒரு கணமும் நிலைத்து நிற்காது. பதினைந்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரைக் கையில் தூக்கிப் பிடித்து வியாழனைப் பார்த்தவர்கள் இந்த அவஸ்தையைச் சிறிய அளவில் அறிவார்கள். உருவம் பதினைந்து மடங்கானால் கைநடுக்கமும் பதினைந்து மடங்காகிறது. வியாழன் ஒரு புள்ளியாக இராமல் புழுவைப்போல் நெளிகிறது.

எட்டு ஆண்டு கழித்து வரும் அடுத்த கடப்பைப் பாராமல் ஊர் திரும்புவதில்லை என்று அவர் தீர்மானித்து, இந்து மகாசமுத்திரத் தீவுகளை அளந்து திரிந்தார்; 1766இல் மணிலா சென்றார்; அங்கே ஸ்பானிய அதிகாரிகளின் சந்தேகத்துக்கு ஆளாகி, 1768 மார்ச் 27ஆம் தேதி, சமாதான உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்த புதுச்சேரியில் வந்து இறங்கினார். கவர்னர் ழான் லா அவரை அன்போடு வரவேற்று, ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் சிதைவுகள்மேல் ஒரு வானிலையம் கட்டிக்கொள்ள வசதி செய்தார். இன்று பாரதி பூங்காவில் மாலைவேளைகளில் காற்று வாங்குகிறவர்கள் அந்தக் கோட்டை இருந்த வட்டாரத்தில்தான் உலவுகிறார்கள். வானிலையத்தின் அடிப்பகுதி நிலவறையில் வெடிமருந்து சேமித்து வைத்திருந்தார்களாம். அதன்மேல் உட்கார்ந்து ஒருவர் நிம்மதியாக நட்சத்திரம் பார்த்தார் என்பது நினைத்தாலே வியப்பூட்டுகிறது. சென்னைப்பட்டணத்து ஆங்கிலேயர், ஊரை இடித்த அதே கும்பினியார், அவருக்கு டாலண்டு முறைப்படி வர்ணத்திருத்தம் செய்த மூன்றடிக் கண்ணாடி ஒன்றை அனுப்பி உதவினார்கள்.

கண்ணாடி நேர்த்தியானது, தளம் ஆடாதது, தீர்க்கரேகை கணித்தாயிற்று. மறு ஆண்டு மே மாதக் காலைகளெல்லாம் தெளிவாகவே விடிந்தன. ஜூன் 3ஆம் தேதி இரவு கவர்னரோடு வியாழனின் சந்திரன்களைப் பார்த்துக் களித்தார். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு விழித்தபோது வானம் முழுவதும் மூடியிருந்தது. விடியும் தறுவாயில் பெருங்காற்று எழுந்து, கடல் வெளுத்து, மேகம் இன்னும் திரண்டது. சூரியன் உதித்த பிறகு கடப்பின் கடைசிப் பகுதி மட்டுமே புதுவைக்குத் தெரியவேண்டியது; ஏழு மணிக்கெல்லாம் அது முடிந்துபோயிற்று. அதன் பிறகு மேகம் விலகிற்று. அன்று பகல் முழுவதும் சூரியன் பிரகாசமாகக் காய்ந்தான். இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைக் கையில் எடுக்க மனம் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் விட்டுவந்த மணிலாவிலோ அன்றைக்கு வானம் தெளிவாக இருந்ததாம். சீதபேதியால் நலிந்து, புயல்களில் அடிபட்டு, 1771 அக்டோபரில் தாய்நாடு சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று எண்ணி வாரிசுகள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய ஆசனமும் பறிபோயிருந்தது. பிறகு ஆசனம் மீண்டது, கலியாணம் ஆயிற்று, ஒரு பெண்குழந்தையும் பிறந்தது என்பது நமக்கு ஆறுதல்.

அவருடைய புதுவை வாசம் வீணாயிற்று என்று சொல்லுவோர் அவர் இரண்டு பாகமாக 1779இலும் 1781இலும் வெளியிட்ட பிரயாண நூலைப் படியாதவர்கள். அதில் அவர் மிகவும் மதித்து எழுதிய விஷயங்களுள் ஒன்று, இவ்வூர்த் தமிழ் ஜோதிடர்கள் கிரகணம் கணிக்கிற முறை. குழாயுமின்றி, காகிதமுமின்றி, மனப்பாடமான வாய்பாடுகளையும் தரையில் நகர்த்தும் சோழிகளையும் கொண்டே அவர்கள் கணக்குப் போட்டார்கள். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதிய சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறையில் கணித்துப் பார்த்தபோது 41 விநாடியே குறைந்தது. ஐரோப்பாவில் மிகச் சிறந்ததெனப் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிக் காட்டின. தமிழன் என்ற பெருமிதத்தில் இதைத் தூக்கிப் பிடிப்போர், 1825இல் ஜான் வாரன் பதிப்பித்த 'கால சங்கலித'த்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சென்னை வானிலையத்தைச் சில காலம் நடத்திப் பின் புதுவையிலேயே குடியிருந்து 1830இல் இங்கேயே காலமான அந்தப் பிரெஞ்சுக் குலத்தவர், இவ்வூர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக்கொண்டு 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைச் சோழி வைத்துக் கணிக்கச் செய்தார். ஆரம்பம் 4 நிமிஷ வித்தியாசத்திலும், மத்தியம் 23 நிமிஷ வித்தியாசத்திலும், முடிவு 52 நிமிஷ வித்தியாசத்திலும் வந்தன. வாய்பாடு பழசாகிவிட்டது, ஆனாலும் ஏடு பாராமல் அவ்வளவு எண்களை நெஞ்சில் வைத்திருந்தவரை வாரன் குறைத்துப் பேசவில்லை.

பறவைகளின் பக்கம் இன்னும் கொஞ்சம் இரத்தம் சிந்திற்று. அக்காலத்தில் பறவையை அறிவது என்றால் சுட்டு வீழ்த்தி, தோலுரித்து, பஞ்சடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதுதான். கண்ணாடிக்கு அங்கே வேலையில்லை. பியேர் சொன்னரா இந்தியாவிலும் சீனத்திலும் செய்த பிரயாணத்தைப் பற்றி 1782இல் வெளியிட்ட நூலில் இப்பகுதிப் பறவைகள் பலவற்றை வருணித்தார். அத்தகைய வருணனைகளை வைத்துக்கொண்டு 1789இல் ஜெர்மானியரான கிமெலின் லத்தீன் பெயர் சூட்டியபோது இரண்டு பறவைகளோடு இவ்வூரின் பெயர் ஒட்டிக்கொண்டது: நம் புதர்க்காட்டுக் கௌதாரி ஒன்று; மரக்கிளைகளில் அடங்கித் திரியும் கீச்சான் சாயலுள்ள சாம்பல்நிறச் சிறு பறவை மற்றொன்று. 'பாண்டிசேரியானஸ்' என்று இன்றும் உலகத்துப் பறவை நூல்களெல்லாம் புதுவையை உச்சரிக்கின்றன. சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கோ சொன்னராவின் பெயரே நிலைத்தது. வீட்டுக்கோழியின் மூதாதை அதுவே என்று அவர் கருதியதைப் பின்னாளில் தார்வின் முதலானோர் தள்ளினார்கள். 2008இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியோ, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய அம்சம் அந்தச் சாம்பல் கோழியிடமிருந்தே வந்தது என்று கண்டு, அவர் கட்சிக்கு ஓரளவு பலம் சேர்த்திருக்கிறது.

துப்பாக்கி இருந்த கைக்குக் கண்ணாடி வருவதற்கு வழிசெய்தது பட்டகம். உருவத்தைத் தலைகீழாகக் காட்டும் குழாயை நிமிர்த்தவும், அதன் நீளத்தை மடித்துக் குறுக்கவும் முக்கோணக் கண்ணாடிப் பட்டகங்களைப் பயன்படுத்தும் உபாயத்துக்கு இத்தாலியரான போர்ரோ 1854இல் காப்புரிமை பெற்றார். அதற்கேற்ற குற்றமற்ற கண்ணாடியோடு ஜெர்மனியின் ட்ஸைஸ் தொழிற்சாலை 1894இல் பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரிஷோவின் 12 அடிக் குழாய் கழுத்தில் தொங்கும் பண்டமாயிற்று.

இனி வாங்குகிறவர் கதை. கருவியின்மேல் 8×42 என்றோ 10×50 என்றோ பொறித்திருக்கும். முதலெண் பெருக்கம், பின்னெண் முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். பின்னெண்ணை முன்னெண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளித்தூணின் அகலம் கிடைக்கும். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். வயதானால் 5க்கு இறங்கும். ஆகவே நட்சத்திரம் பார்க்க 5க்குக் குறையாத ஒளித்தூண் நலம்; 15×56இல் அது 3.7தான். தவிரவும், பெருக்கம் ஏற ஏறக் காட்சியின் பரப்பு சுருங்கும். ஏறக்குறைய இரண்டு பாகை அகலமுள்ள கார்த்திகைக் கூட்டம் எட்டு மடங்குக் கருவியில் சுற்றிலும் இருள் சூழ அழகாக அமர்ந்திருக்கும்; பெருக்கம் மிகுந்த குழாயில் துண்டு துண்டாகத்தான் அகப்படும். ஆல்ஃபா சென்டாரியை ரிஷோ பார்த்தபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பவர் பைனாகுலரை மறந்துவிட்டு முக்காலித் தூரதிருஷ்டி வாங்குவதே முறை. 1910இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது புதுவையில் வசித்த பாரதியார் 'சாதாரண வருஷத்துத் தூமகேது'வைப் பாடியதற்கு எந்தக் கண்ணாடியும் தேவைப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

புதுவையை அடுத்த ஊசுட்டேரியில் பத்து மணி வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு மற்றொரு பாடம் கிடைத்திருக்கும். நீர்ப்பரப்பின்மேல் கானல் எழும்பித் துடிக்கும்போது, இருபது மடங்குக் கருவியில் நாமக்கோழியின் வெள்ளை அலகும் கருத்த உடலும் தண்ணீரில் கரைத்த மையைப்போல் அலையும். எட்டு மடங்கில் அலகு சிறிதாயினும் தெளிவாக நிற்கும். அதிகாலையில் கழுவெளிச் சதுப்புநிலத்துக்குப் போய்ப் பூநாரைக் கூட்டத்தை வெகுதூரத்தில் எண்ண விரும்புவோருக்குப் பெருக்கம் உதவும். அப்போதும் முக்காலி வேண்டும். கைநடுக்கத்தை மின்கலத்தின் உதவியால் சமன்செய்யும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. லெ ழான்திக்கு அப்படியொன்று கிடைத்திருந்தால் கப்பலின் ஆட்டம் தீர்ந்திருக்கும், தீர்க்கரேகை தீர்ந்திராது. எக்கருவியானாலும், சூரியனுக்கென்றே செய்த தக்க வடிகட்டியை முன்வில்லையின்மேல் பொருத்தாமல் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போய்விடும்.

லட்ச ரூபாயைத் தாண்டும் கருவிகளில் காசுக்குக் கிடைப்பது பெருக்கமன்று. வர்ணம் பிரியாத கண்ணாடியும், ஓரம்வரை மங்காத காட்சியும், ஈரம் புகாதபடி நைட்ரஜன் வாயு அடைத்து மூடிய உடலுமே. புதுவையின் உப்புக்காற்றில் இந்தக் கடைசி அம்சத்தை அற்பமாக நினைக்கலாகாது. மூடாத கருவி இரண்டு ஐப்பசி கார்த்திகை கண்டால் வில்லையின் உட்புறத்தில் பூஞ்சை வேர்விட்டுப் படரும், அதைத் துடைக்க வழியில்லை. வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கவேண்டும். வாங்குமுன் கடை வாசலில் நின்று, எதிரே வெயிலில் தெரியும் மின்கம்பியை வானத்தின் பின்னணியில் நோக்கி, அதன் விளிம்பில் ஊதா நிறம் ஒட்டுகிறதா என்றும், இரு கண்ணுக்கும் காட்சி சிரமமின்றி ஒன்றாகிறதா என்றும், கால்மணி நேரம் கழுத்தில் தொங்கினால் பாரம் தாங்குமா என்றும் பார்க்கவேண்டும். வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க விடாத கடையாயின், வேறு கடைக்குப் போகலாம்.