மூதாதையின் சித்திரம்

பிளாரன்ஸ் நகரத்து உபீஸி சித்திரசாலையில், செந்நிற அங்கி தரித்து, பக்கவாட்டில் முகம் காட்டி அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் தைலவர்ணச் சித்திரம் இருக்கிறது. மெடிச்சி வம்சத்தின் ஆதிக்கத்துக்கு அடிகோலிய கோசிமோ அவர். 1433-ல் நாடு கடத்தப்பட்டு, மறு வருஷமே திரும்பி வந்து, முடி எதுவும் சூடாமலே முப்பது வருஷம் அந்தக் குடியரசைத் தம் சொற்படி நடத்திய லேவாதேவிக்காரர். 1464-ல் மறைந்த பிறகு ஊராரால் தேசபிதா என்று கௌரவிக்கப்பட்டவர். சித்திரத்தைத் தீட்டிய பொன்டோர்மோ பிறந்ததோ 1494-ல். தாம் கண்ணாலும் காணாத அந்த மனிதரை, பழைய பதக்கங்களில் வார்த்திருந்த முகச்சாயலை ஆதாரமாகக் கொண்டு, 1519 வாக்கில் அவர் வரைந்தார்.

முன்னோரின் முகத்தை மெழுகில் வடித்து வீட்டு முற்றத்தில் வைத்திருந்து, குடும்பத்தில் சாவு நேர்ந்தபோதெல்லாம் அவற்றை ஊர்வலத்தில் எடுத்துச் செல்வது பண்டை ரோமாபுரிப் பிரபுக்களின் வழக்கம். அந்தப் பூர்வ சம்பிரதாயத்தின் சாயல் இந்தச் சித்திரத்திலும் உண்டு. ஆயினும் பக்தி ஒன்றே இதை எழுதுவித்ததாக நான் கருதவில்லை. இதற்கு ஏற்பாடு செய்த கோரோ கேரி என்பவர், அப்போதைய மெடிச்சி அதிபதியான லொரன்ஸோவின் காரியதரிசி. அந்த லொரன்ஸோவோ 1519 மே மாதத்தில், பிறந்து சில வாரங்களே ஆன பெண் குழந்தை ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். வம்சத்தின் மூத்த கிளையில் முறைப்படி பிறந்து எஞ்சிய ஆண்மகன் பத்தாம் லியோ ஒருவரே. அவரோ போப்பாண்டவர், துறவறத்தார்.

இதை மனத்தில் கொண்டு பார்த்தால்தான் கிழவருக்கு எதிரே நிற்கும் லாரல் மரத்தின் பொருள் விளங்கும். அதில் ஒரு கிளை வெட்டுண்டிருக்கிறது. அருகிலேயே மற்றொன்று தழைத்திருக்கிறது. ஒன்று போனாலும் வேறொன்று வரும் என்னும் கருத்துள்ள வர்ஜிலின் வாக்கியம் எழுதிய ஓலை அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் கைகளைக் கவனியுங்கள்: விரல்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடக்கின்றன. நம்பிக்கையை மரத்திலும் கவலையை விரல்களிலும் வைத்த இளைஞர் பொன்டோர்மோவின் மேதையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அதே 1519 ஜூனில், குடும்பத்தின் இளைய கிளையில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, கோசிமோ என்றே பெயர் பெற்றது. 1537-ல் பதினேழு வயதில் பிளாரன்ஸின் அதிபதியான அவருடைய சந்ததி, சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1737-ல் ஆண்வழி அற்றுப்போயிற்று. அவ்வருஷமே, வம்சத்தின் கடைசிப் பெண்மணியான அன்னா மரியா லூயிஸா, குடும்பத்துக் கலைச்செல்வங்கள் எவையும் பிளாரன்ஸை விட்டு வெளியேறலாகாது என்று புது ஆட்சியாளரிடம் உடன்படிக்கை எழுதி வாங்கினார்.