பூஜ்ய ரூபாய் நோட்டு

பூஜ்ய ரூபாய் நோட்டு எதையும் வாங்க முடியாத, அதற்காகவே அச்சிடப்பட்ட தாள். சென்னையைச் சேர்ந்த ஃபிஃப்த் பில்லர் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு இதை 2007இல் வெளியிட்டது. பார்வைக்கு 50 ரூபாய் நோட்டு போலவே இருக்கும், காந்தி சிரிப்பார், மதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். "கொஞ்சம் கவனிங்க" என்று இழுக்கும் அலுவலரிடம் நீட்டுவதற்கென்றே பிறந்த இந்தச் செல்லாக்காசு, பணத்தைப் பணத்தின் வேடத்திலேயே கேலி செய்யும் நீண்ட மரபில் வந்தது.

அந்த மரபுக்குத் தமிழில் ஒரு பழைய வேர் உண்டு. வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய பரமார்த்த குரு கதையில், வாடகைக்கு அமர்த்திய எருதின் நிழலில் குரு வெயிலுக்கு ஒதுங்குகிறார். மாட்டுக்காரன் நிழலுக்கும் தனிக்கூலி கேட்கிறான். பஞ்சாயத்துக்கு வந்தவர் ஒரு பழைய வழக்கைச் சொல்கிறார். கறிக்குழம்பின் வாசனையைத் தொட்டுக்கொண்டு கட்டுச்சோறு உண்ட வழிப்போக்கனிடம் சமைத்தவன் வாசனைக்கு விலை கேட்டானாம். காசு முடிச்சை எடுத்து, கேட்டவன் மூக்கில் நன்றாகத் தேய்த்துவிட்டார்கள். வாசனைக்கு வாசனை, கணக்கு நேர். இந்தக் கதைகளை பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார்.

ஏட்டில் ஏறாத கிளையும் இருக்கிறது. பத்து ரூபாய்த் தாளில் நூலைக் கட்டித் தெருவில் போட்டுவிட்டு மறைந்திருக்கும் சிறுவர்களை அறியாத ஊர் குறைவு. கீழே கிடக்கும் தாளுக்குக் குனிபவர், அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குனிவார். சிரிப்பு மூட்டுவது அந்தப் பார்வைதான். இதில் யாருடைய காசும் போவதில்லை. ஏமாற்று வேலையிலிருந்து குறும்பைப் பிரிக்கும் கோடு அது. 2017 பிப்ரவரியில் தில்லி சங்கம் விஹாரில் ஓர் ஏடிஎம், 'சில்ட்ரன் பேங்க்' என்று அச்சிட்ட 2000 ரூபாய்த் தாள்களைத் துப்பியது. நாடே சிரித்தது, ஆனால் பணம் எடுக்க வந்தவருக்குக் கையில் பொம்மைத் தாள்தான் மிஞ்சியது. அதை இந்த மரபில் சேர்க்க முடியாது.

மேற்கில் இக்குறும்பு மேடை ஏறியது 1967 ஆகஸ்ட் 24 அன்று. அமெரிக்கப் போராட்டக்காரர் ஆபி ஹாஃப்மனும் நண்பர்களும் நியூயார்க் பங்குச்சந்தையின் பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு டாலர் தாள்களை அள்ளி வீச, கீழே வியாபாரம் தடுமாறியது. தரகர்களில் சிலர் தாள்களைப் பொறுக்க ஓடினார்கள், சிலர் மேலே பார்த்துத் திட்டினார்கள். பின்னர் அந்த மாடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். 1994இல் கே ஃபவுண்டேஷன் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் இருவர் ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் 10 லட்சம் பவுண்டை உண்மையாகவே எரித்தார்கள். குறும்பு என்றால் இவ்வளவு செலவாகக் கூடாது.

தமிழ்நாட்டுப் பூஜ்யத்துக்கு ஆன செலவு வெறும் அச்சுக்கூலி. இதன் யோசனை மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சதீந்தர் மோகன் பகத்துடையது. இந்தியா வந்தபோது திரும்பிய பக்கமெல்லாம் நீண்ட கைகளுக்கு மரியாதையாக 'இல்லை' சொல்ல அவர் கண்ட வழி இது. அதை இயக்கமாக்கியவர் ஃபிஃப்த் பில்லர் நிறுவனர் விஜய் ஆனந்த். முதலில் 25,000 தாள்கள் அச்சாயின. 2014க்குள் 25 லட்சத்துக்கும் மேல் விநியோகமாயின. தமிழோடு இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் வந்தன. அசல் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநர் பணம் தருவதாக வாக்குக் கொடுப்பார். இந்தத் தாளிலோ, லஞ்சம் வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று அதை வைத்திருப்பவரே வாக்குக் கொடுக்கிறார். குறும்பின் உயிர் இந்த ஒற்றை வரி மாற்றத்தில் இருக்கிறது.

ஒன்றரை ஆண்டாகப் பட்டாவுக்கு அலைந்த மூதாட்டி ஒருவர் இதை நீட்டியதும், அலுவலர் எழுந்து நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பட்டாவைக் கையில் கொடுத்தார் என்பது அமைப்பினர் சொல்லும் கதை. காந்தியின் படத்தைக் கண்டு அலுவலர் மனம் திருந்தினார் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தத் தாளைக் கொண்டுவந்தவர் தனியாள் இல்லை, பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது என்ற பயம் போதும். சிரிப்புக்குள் மடித்து வைத்த மிரட்டல் என்றும் இதைச் சொல்லலாம். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றமானது. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். இந்தத் தாளை நீட்டியவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

நோட்டு என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே என்பதைப் புதுச்சேரி குறும்பில்லாமலே அறிந்த ஊர். பிரெஞ்சு ஆட்சியில் இங்கே இந்தோசீன வங்கியின் 'ரூப்பி' நோட்டுகள் புழங்கின. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்த பிறகு அவை சேகரிப்பாளர்களின் ஆல்பத்துக்குப் போயின. இன்று அவற்றின் விலை, அச்சிட்ட மதிப்பைவிடப் பல மடங்கு. அந்த வங்கியின் பழைய கட்டடம் பாரதி பூங்கா அருகே இன்னும் வங்கியாகவே இயங்குகிறது.

அதே 1954இல் அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை, பணம் அரசாளாத ஓர் இடத்தைக் கனவாக எழுதினார். 1968 பிப்ரவரி 28 அன்று நகருக்கு வடக்கே ஆரோவில் தொடங்கப்பட்டது. இது விளையாட்டாகச் செய்ததல்ல. ஆனால் ஆரோவில்வாசிகளின் இலவசக் கடைக்குள் நுழையும் வெளியூர்க்காரருக்கு, நூல் கட்டிய பத்து ரூபாயைக் கண்டவரின் தடுமாற்றம் வரக்கூடும். வேண்டாத சட்டையை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப் போகலாம், கல்லாப்பெட்டி கிடையாது. ஆரோவிலின் ஊதுபத்தியும் மட்பாண்டமும் மட்டும் புதுச்சேரி நேரு வீதியில் விலைச்சீட்டோடு கிடைக்கின்றன.