ருக்மணி தேவி: சிங்களத் திரையும் ஒரு தமிழ் நட்சத்திரமும்

திரைப்பட நட்சத்திரங்கள் பற்றிய பேச்செழும்போது, 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரனை ஈழத்துத் தமிழர் தவறாது நினைவுகூர்வர். 1923இல் அதே மலையகத்தின் இறம்பொடையில் பிறந்து, வெள்ளவத்தையில் கல்வி பயின்ற டெய்சி இராசம்மா டானியல்ஸ் நமது எழுத்துக்களில் அருகியே இடம்பெறுகிறார். கொட்டாஞ்சேனையில் வேரூன்றிய கொழும்புச் செட்டிச் சமூகத்தின் வழிவந்த இக்கிறிஸ்தவப் பெண்ணே, ருக்மணி தேவி என்னும் பெயரில் சிங்களப் பேசும்படத்தின் முதற் கதாநாயகியானார்.

அப்பெயர் கிறிஸ்தவப் பெயருமன்று, சிங்களப் பெயருமன்று. இந்தியச் சாயலையே கவர்ச்சியெனக் கொண்ட நூர்த்தி அரங்கும் இசைத்தட்டு வணிகமும் வேண்டிநின்ற பெயர் அது எனலாம். 1930களின் இறுதியில் இசைத்தட்டில் ஒலித்த அவர் குரல் பாடியது பௌத்த பக்திப் பாடலொன்றை. சந்தைக்குக் குரல் தேவைப்பட்டது. குரலுக்குரியவரின் இனமோ மதமோ அதற்குப் பொருட்டாகவில்லை.

1947 ஜனவரி 21இல் திரையிடப்பட்ட ‘கடவுணு பொறொந்துவ’ பி. ஏ. டபிள்யு. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழு மேடையேற்றிய நாடகத்தின் திரைவடிவமாகும். இலங்கையில் அன்று பேசும்படத்துக்கான கலையகம் இருக்கவில்லை. எனவே எஸ். எம். நாயகம் என்னும் தமிழ் முதலாளி மதுரையிலிருந்த தமது சித்திரகலா மூவிடோனில், ஜோதிஷ் சின்ஹா என்னும் வங்காளியின் நெறியாள்கையில் அதனைத் தயாரித்தார். ‘தேசிய’ சினிமா ஒன்றின் பிறப்பிலேயே மூலதனமும் உழைப்பும் தொழினுட்பமும் இன எல்லைகளைக் கடந்து நின்றமை மனங்கொள்ளத்தக்கது.

தென்னிந்தியக் கலையகப் பாணியை மறுத்து 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வைத் தந்தார். அம்மறுப்பு கலைநோக்கில் நியாயமானதே. எனினும் தனிச்சிங்களச் சட்டமும் அதே ஆண்டுக்குரியது. போலிப் பாணிக்கெதிரான விமரிசனமும் தமிழர்மீதான வெறுப்பும் வேறுவேறானவை. அவற்றைப் பிரித்தறியாத எழுத்தில், தொடக்ககாலச் சினிமா முழுவதும் ‘இந்தியக் கழிவு’ ஆகிவிடுகிறது. அதில் உழைத்தோர் மறைந்துவிடுகின்றனர். தமிழ் விமரிசகரும் (நம்மையும் சேர்த்தே கூறுகிறேன்) அவரை மறுபக்கத்தவராகவே விட்டுவிட்டனர்.

நட்சத்திரப் பிம்பம் யாருடைய உடைமை என்பதே அடிப்படை வினா. எம். ஜி. ஆரின் பிம்பத்தைக் கட்சியும் இரசிகர் மன்றங்களும் அரசியற் சக்தியாக மாற்றின. 1977இல் அவர் முதலமைச்சரானார். ருக்மணி தேவிக்கு அத்தகைய அமைப்பெதுவும் இருக்கவில்லை. திரைவாய்ப்புக்கள் சுருங்கியபின் அவர் பிழைப்பு மேடைக் கச்சேரிகளையே சார்ந்திருந்தது. 1978 ஒக்டோபர் 28இல், கச்சேரியொன்றில் பாடிவிட்டு நீர்கொழும்பிலிருந்த வீட்டுக்குத் திரும்புகையில், ஜா-எலவுக்கருகே வாகன விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55.