வந்தவர்கள், போனவர்கள், நின்றவர்கள்: திருகோணமலையின் டொக்டர் கணக்கு

"புது டொக்டர் எங்க படிச்சவராம்? ரஷ்யாவிலயா?"

எங்கட மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக டொக்டர் ஒருவர் வந்தால் பெயருக்கு அடுத்ததாக விசாரிக்கப்படுவது இதுதான். கேட்கிறவரின் குரலில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கும். ஆனால் அதே டொக்டர் ஒன்றரை வருடத்தில் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனால் அதை யாரும் பெரிதாக விசாரிப்பதில்லை. "போயிட்டாராம்" எண்டு ஒரு வரியில் கதை முடிந்துவிடும். கிளினிக் கொப்பியோடு விடியவே வந்து வரிசையில் நிற்கும் மூதூர் அம்மாவுக்கு, போனவர் கொழும்பில் படித்தாலென்ன, மொஸ்கோவில் படித்தாலென்ன, விளைவு ஒன்றுதான்.

எங்கே படித்தார் என்ற கேள்வியை விட, எவ்வளவு காலம் நின்றார் என்ற கேள்விதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த நாட்டின் வைத்தியக் கல்வி வரலாற்றை அந்தக் கேள்வியோடு ஒருக்கால் திருப்பிப் பார்க்கலாம்.

கப்பலோடு வந்த வைத்தியம்

திருகோணமலைக்கு மேலைத்தேய வைத்தியம் கப்பலில்தான் வந்தது. ஒல்லாந்தரின் கோட்டைக்கும் பிறகு பிரித்தானியரின் கடற்படைத் தளத்துக்கும் அறுவை வைத்தியர்கள் வந்தார்கள். கடற்படைக்கென்று தனியாக ஒரு வைத்தியசாலையும் இருந்தது. அது கட்டப்பட்டது மாலுமிகளுக்காக. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் வயல் செய்த சனத்துக்குப் பரிகாரியும் ஹக்கீமும் வீட்டு மருந்தும்தான். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுக் கிளம்பியபோது, கப்பலோடு வந்த அந்த வைத்திய மரபும் கப்பலோடேயே போய்விட்டது.

அந்தக் காலத்தில் வைத்தியர் எங்கே நிற்பார் என்பதைத் தீர்மானித்தது துறைமுகத்தின் தேவை. நோயாளியின் தேவையை யாரும் கணக்கெடுக்கவில்லை. பிறகு வந்த அரசுகள் இதை மாற்றினவா?

மானிப்பாயில் கிறீன் கண்டுபிடித்த விசயம்

1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரி டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வருடமே உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் வைத்தியக் கல்லூரி வருவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் முந்திய கதை இது. தொடக்கத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதை அவர் கவனித்தார். 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவர் தமிழ்ச் சனத்துக்குள்ளேயே நிற்பார் என்பது அவருடைய கணிப்பு. அதற்காக இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று பாடநூல்களே தமிழில் வந்தன. அவரிடம் படித்து வெளியேறியவர்கள் 60க்கும் மேல்.

கிறீனைத் தமிழ்த் தொண்டராக மட்டும் கொண்டாடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அவர் இந்த மண்ணில் முதன்முதலாக வைத்திய ஆளணித் திட்டமிடலைச் செய்தவர் என்றும் சொல்லவேண்டும். "எத்தனை பேரைப் பயிற்றுவிக்கிறோம்" என்பதோடு நிற்காமல், "பயின்றவர் எங்கே நிற்கப்போகிறார்" என்றும் அவர் கேட்டார். ஆனால் அவர் கண்ட தீர்வில் ஒரு நெருடல் உண்டு. ஊரில் நிற்கச் செய்வதற்காக வெளியே போகும் கதவை அவர் ஒடுக்கிவிட்டார். தமிழில் மட்டும் படித்தவருக்கு மேற்படிப்பும் பெரிய உத்தியோகமும் எட்டாதவை. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அவருக்குப் பிறகு அந்த முயற்சி நெடுங்காலம் தாக்குப்பிடிக்கவில்லை.

வன்னிக்கு வந்த நோய், கொழும்புக்கு வந்த கல்லூரி

வெளிநாட்டில் படித்த டொக்டரைச் சந்தேகமாகப் பார்க்கிறவர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது. 1870க்கு முன் இலங்கை அரசாங்கம் தன் செலவில் உருவாக்கிய வைத்தியர்களே வெளிநாட்டில் படித்தவர்கள்தான். தெரிவுசெய்த மாணவர்களை அரசாங்கம் கல்கத்தாவில் இருந்த வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பியது.

1870இல் கொழும்பு வைத்தியப் பாடசாலை தொடங்கிய காரணம் இன்னும் சுவாரசியமானது. வன்னிக் கிராமங்களில் நோயால் சனத்தொகை குறைந்துகொண்டு போனது. அதை ஆராயப் போன டொக்டர் ஜேம்ஸ் லூஸ், நாட்டுப்புறத்துக்கு வைத்திய வசதி விரியவேண்டும், அதற்கு உள்ளூரிலேயே வைத்தியர்களைப் பயிற்றவேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அந்தப் பாடசாலையின் முதல் அதிபரும் அவரே.

அதாவது நோய் வன்னியில், கல்லூரி கொழும்பில். 1880களின் இறுதியில் பிரித்தானிய வைத்திய சபையின் அங்கீகாரமும் கொழும்புக்குக் கிடைத்தது. அது பெருமைதான். ஆனால் அதற்குப் பிறகு கொழும்பில் படித்தவர் இங்கிலாந்திலும் தொழில் செய்யலாம். காட்டுக் கிராமத்துக்காகத் திறந்த பாடசாலையில் இலண்டனுக்கு ஒரு வாசல் வந்துவிட்டது.

நாட்டுப்புற மருந்தகங்களில் நெடுங்காலம் உண்மையில் நின்றவர்கள் அப்போதிக்கரிமார். பின்னாளில் அவர்களின் இடத்தில் உதவி வைத்திய அதிகாரிகள் வந்தார்கள். பட்டம் இல்லாத அவர்களைப் பற்றித்தான் கிழக்கின் பழைய ஆட்கள் இன்றும் "எங்கட டொக்டர் ஐயா" எண்டு கதைப்பார்கள்.

உள்ளே வரும் கதவு

1971இல் தரப்படுத்தல் வந்தது. வைத்திய பீடத்துக்குள் நுழையத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229. அந்த அநீதியின் அரசியல் விளைவுகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. குறைவாகப் பேசப்படும் பக்கம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களில் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்து இடங்களைக் குறைத்தது. அதே ஒதுக்கீடு திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு, தமிழர் முஸ்லிம்கள் உட்பட, ஒரு வாசலைத் திறந்தது. இன்றும் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றுதான் பிரிக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கோ: மாவட்டத்தின் பெயரால் உள்ளே எடுக்கிறார்கள், வெளியே வரும்போது மாவட்டம் கணக்கில் இல்லை. உள்ளகப் பயிற்சிக்கும் முதல் நியமனத்துக்கும் திறமை வரிசைதான். வரிசையில் முன்னுக்கு நிற்பவர் விரும்பிய இடத்தை எடுப்பார். மிச்சம் கிடக்கும் வெற்றிடம் கடைசியில் நிற்பவருக்கு. யாரும் விரும்பாமல் வந்து சேரும் இடமாக எங்கட ஊர் ஆஸ்பத்திரிகள் மாறுவது இப்படித்தான். வந்தவர் நாளிலிருந்தே இடமாற்றப் படிவத்தைப் பற்றி யோசிப்பதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

கடல் கடந்த கதவு

இந்த வாசலில் சில புள்ளிகளால் தவறியவர்கள் எங்கே போனார்கள்? 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் புலமைப்பரிசிலில் இலங்கைப் பிள்ளைகள் சோவியத் நாட்டுக்குப் போனார்கள். ஜே.வி.பி.யைத் தொடங்கிய ரோகண விஜேவீர வைத்தியம் படிக்கப் போய், முடிக்காமல் திரும்பியதும் அங்கிருந்துதான். இப்போது ரஷ்யா, பெலாரஸ், சீனா, பங்களாதேஷ், நேபாளம் என்று பட்டியல் நீள்கிறது. புலமைப்பரிசிலின் இடத்தில் பெற்றோரின் காசு வந்துவிட்டது. காணி விற்ற காசு, அடகு வைத்த நகை, கட்டாரில் உழைக்கும் அண்ணனின் சம்பளம். அதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதவு கிடையாது. இதை மறைத்துக்கொண்டு வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல.

படித்துத் திரும்பினால் இலங்கை மருத்துவச் சபையின் ஈ.ஆர்.பி.எம். பரீட்சை. பழைய ஆட்கள் "அக்ட் சிக்ஸ்டீன்" என்பார்கள். அது கடினமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. நோயாளியின் உயிரில் சலுகை கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பரீட்சையைச் சித்தியடைந்த பிறகும் "ரஷ்யா டொக்டர்" என்ற பட்டப்பெயர் ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது? சபை அளந்து பார்த்துச் சரி என்ற ஒருவரை வாட்டில் மறுபடி அளக்க நாங்கள் யார்?

இன்னொன்று. எங்கட நாட்டில் விசேட வைத்திய நிபுணராக வருவதென்றால் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பயிற்சியோடு வெளிநாட்டுப் பயிற்சியும் முடிக்கவேண்டும். பெரும்பாலும் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா. அப்படிப் பார்த்தால் நாங்கள் கையெடுத்துக் கும்பிடும் நிபுணரும் ஒரு பங்குக்கு வெளிநாட்டில் பயின்றவர்தான். முதலில் போய்ப் படித்துவிட்டு வந்தவரைச் சந்தேகிக்கிறோம், பிறகு போய்ப் படித்துவிட்டு வந்தவரைக் கொண்டாடுகிறோம்.

வெளியே போகும் கதவு

போகிறவர்களை மறிக்க அரசு முயலாமல் இல்லை. 1961இல் பட்டதாரிகளுக்குக் கட்டாய அரச சேவைச் சட்டம் வந்தது. ஆனாலும் வெளியேற்றம் நிற்கவில்லை. 1974இல், படித்தவர்களும் தொழில்வாண்மையினரும் நாட்டைவிட்டுப் போவது பற்றி ஆராய்ந்து அமைச்சரவைக் குழுவொன்று அறிக்கை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. பிறகு யுத்தம், இடப்பெயர்வு. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது அரசாங்கமே அரச ஊழியர்களுக்கு ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்து வெளிநாடு போய் உழைக்கச் சொன்னது. அதே வருடம் ஓய்வு வயதை 60 ஆக்கும் முடிவும் வந்தது. ஒரு பக்கம் போகச் சொல்லி, மறுபக்கம் மூத்தவர்களை வீட்டுக்கு அனுப்பி, பிறகு "டொக்டர்மார் போயிட்டினம்" என்று கவலைப்படுவதைத் திட்டமிடல் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வைத்திய ஆளணியை நாடுவிட்டு நாடு எடுப்பது பற்றி ஒரு நடத்தைக் கோவையைக் கொண்டுவந்தது. அது பணக்கார நாடுகளுக்குப் பொறுப்பை நினைவூட்டுகிறது, கட்டாயப்படுத்தவில்லை. கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் அப்படியொரு கோவைகூட இல்லை.

நிற்பவருக்கு என்ன கொடுக்கிறோம்?

மறிப்பதற்குப் பதிலாக நிற்பவருக்கு ஒரு வழி கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அரச வைத்தியர்களுக்குப் பட்டமேற்படிப்பு இடங்களில் 50 வீதம் ஒதுக்கப்படுகிறது. கஷ்டப் பிரதேசங்களில் செய்த சேவையும் புள்ளியாகச் சேரும். அப்படி ஒதுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. நாட்டுப்புறத்தில் கழித்த மூன்று வருடம் அங்கே வீணான மூன்று வருடமாகக் கணக்கில் வராது. இங்கே அதே மூன்று வருடத்தில் கொழும்பில் நின்ற நண்பர் பரீட்சை, நிபுணத்துவம் என்று இரண்டு படி ஏறியிருப்பார்.

திருகோணமலைக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் இருந்து கடன்பட்டு வெளிநாடு போய்ப் படித்த பிள்ளை, இந்த ஊரின் தமிழைப் பேசும், இந்த ஊரில் வீடு இருக்கும், நிற்பதற்குக் காரணமும் இருக்கும். மாவட்ட ஒதுக்கீட்டில் போய் உள்ளூரில் படித்த பிள்ளையும் அப்படித்தான். இரண்டு பேரையும் திறமை வரிசை ஒரே மாதிரி அநுராதபுரத்துக்கோ மாத்தறைக்கோ அனுப்பும். மாத்தறையில் பிறந்து வளர்ந்த பிள்ளை மூதூருக்கு வந்து, மொழிபெயர்க்க ஒரு தாதியைத் தேடும். இரு பக்கமும் தோல்வி.

2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபோது பாதையில் ஏறிக் கடந்த காலம் முடிந்தது. நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது இலகுவானது. ஆனால் பாலம் டொக்டரை இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை. அதற்குக் கொங்கிறீற்று தேவையில்லை. சுகாதார அமைச்சு ஒவ்வொரு வருடமும் நியமனப் பட்டியலை வெளியிடுகிறது. அதோடு சேர்த்து, மூன்று வருடத்துக்கு முன் இந்த மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் இங்கே நிற்கிறார்கள் என்ற ஒரு எண்ணையும் வெளியிடட்டும். எங்கே படித்தார்கள் என்ற நிரல் அந்த அட்டவணையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.