புள்ளிகளில் அப்பா

என் பேத்தி கணினியில் படம் வரைகிறவள். போன மாதம் பாரதியார் படம் ஒன்றை வரைந்து, அதன்மேல் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகளைப் பரப்பிக் காட்டினாள். "தாத்தா, அந்தக் காலத்து 'இந்தியா' பத்திரிகை மாதிரி இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

குமாஸ்தா புத்தி, தப்பைக் கண்டால் சும்மா இருக்காது. 'இந்தியா' 1908 முதல் 1910 வரை நம் புதுச்சேரியிலிருந்து வந்தது. அதில் வந்தவை கோட்டுச் சித்திரங்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டிருக்கிறார். நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். புள்ளி வந்தது புகைப்படத்துக்காக.

அச்சு இயந்திரத்துக்குக் கறுப்பு மை ஒன்றுதான் தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. முகத்தில் இருப்பதோ பெரும்பாலும் சாம்பல்தான். இதற்கு ஜெர்மனியில் மைசன்பாக் என்பவர் 1882இல் ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு வந்தவர்கள் அதைச் செம்மை செய்தார்கள். நுண்ணிய கோடுகள் கீறிய இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, அதன் வழியே படம் பிடித்தால் படம் முழுவதும் புள்ளிகளாக உடைந்துவிடும். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சமான இடத்தில் சின்னப் புள்ளி. அதைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி அமிலத்தில் அரித்தால் பிளாக் தயார். மீதி வேலையை நம் கண் செய்துகொள்ளும்.

நம் நாட்டில் இதில் கரை கண்டவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா. லண்டனில் வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் 1897 முதலே இதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். மகன் சுகுமார் ராய் 1911இல் இதே வித்தையைப் படிக்க இங்கிலாந்து போனார்.

பிரெஞ்சில் இதற்கு சிமிலிகிராவ்யூர் என்று பெயர். அந்தக் கோட்டுக் கண்ணாடியை 'த்ராம்' என்பார்கள். தறியில் ஓடும் ஊடை நூலுக்கும் அதே சொல்தான். ரோடியர் மில்லில் தறி ஓட்டிய என் அப்பாவுக்கு அந்த அர்த்தம் மட்டும் தெரிந்திருக்கும்.

அப்பாவுக்குப் புகைப்படம் கிடையாது. 1954 நவம்பர் முதல் தேதி, பிரெஞ்சுக் கொடி இறங்கிய அன்று கூடிய கூட்டத்தைப் படம் போட்ட ஒரு பத்திரிகைத் துணுக்கு மட்டும் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் அப்பா. அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தாள். பேத்தி புள்ளி போட்ட படத்தைக் காட்டியதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்து, பெரிதாக்கித் தரச் சொன்னேன்.

ஸ்கேன் செய்ததும் படத்தின்மேல் கொசுவலை போர்த்தினாற்போல் ஏதோ கோலம் வந்தது. பத்திரிகைப் புள்ளிவரிசையும் ஸ்கேனரின் வரிசையும் மோதிக்கொள்வதால் அப்படி ஆகிறதாம். பெரிதாக்கப் பெரிதாக்க அப்பா கரைந்து போனார். துணுக்கில் அவர் முகம் நாலு மில்லிமீட்டர் அகலம். அக்காலத்துப் பத்திரிகைத் தாளில் ஒரு அங்குலத்துக்கு அறுபது, அறுபத்தைந்து வரிசைகள்தான் தாங்கும். கணக்குப் போட்டேன். குறுக்கே பத்துப் புள்ளி, நெடுக்கே பதினைந்து. மொத்த முகமும் நூற்றைம்பது புள்ளி. கண்ணுக்கு ஒன்று தேறினால் அதிகம்.

"செயற்கை நுண்ணறிவுல போட்டா தெளிவாயிடும் தாத்தா" என்று ஏதோ செய்தாள். கணத்தில் ஒரு முகம் வந்தது. கண், மூக்கு, மீசை எல்லாம் திருத்தமாக, நல்ல களையான மனிதர். யாரோ. எங்கள் அப்பாவின் இடது புருவம் சற்றுத் தாழ்ந்திருக்கும். அது அந்த முகத்தில் இல்லை. புள்ளிகளில் இருக்கிறது, தள்ளி நின்று பார்த்தால்.

அதை அழிக்கச் சொல்லிவிட்டேன். புள்ளிகளோடு அப்படியே ஒரு அடி உயரத்துக்கு அச்சிட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறோம். கிட்டே போனால் வெறும் கறுப்பு வட்டங்கள். வாசற்படியில் நின்று செருப்பைக் கழற்றும்போது பார்த்தால் அப்பா.