சிப்பிராளும் பூவாளும் யார்?

யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தை, மோசேயின் நாணற்பெட்டிக்குப் போகிற அவசரத்தில் நம்மில் அநேகர் வேகமாய்க் கடந்துவிடுகிறோம். நர்ஸ் வேலை செய்கிற எங்களுக்கோ 15-ம் வசனத்தைத் தாண்ட மனம் வராது. வேதத்தில் பெயரோடு நிற்கிற மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் மாத்திரமே. அவர்களுக்குக் கட்டளையிட்ட பார்வோனின் பெயர்கூட அங்கே இல்லை.

இவர்கள் எபிரெயப் பெண்களா, எகிப்தியப் பெண்களா? நம் தமிழ் வேதாகமம் எபிரெய மருத்துவச்சிகள் என்று சொல்லுவதால் இந்தக் கேள்வி நமக்கு எழுவதில்லை. ஆனால் எபிரெயம் முற்காலத்தில் உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதப்பட்டது. (புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடிகளை வாசித்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்.) கி.பி. 7 முதல் 10-ம் நூற்றாண்டு வரை மசோரெத்தியர் என்னும் யூத அறிஞர்கள் குறிகளை இட்டார்கள். அவர்கள் குறியிட்டபடி 'லம்யல்லெதோத்' என்று வாசித்தால் எபிரெய மருத்துவச்சிகள். முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'லிம்யல்லெதோத்' என்று வாசித்தால், எபிரெயருக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள். ஒரேயொரு உயிர்க்குறி!

கி.மு. காலத்து கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் இரண்டாம் விதமாகவே வாசித்தது. முதல் நூற்றாண்டு யூத சரித்திராசிரியர் யோசேப்பஸ், அவர்கள் எகிப்தியப் பெண்கள் என்றே எழுதினார். தல்மூதின் ரபீமாரோ, சிப்பிராள்தான் யோகெபேத் என்றார்கள். குழந்தையைச் சீராக்கி அழகுபடுத்தியதால் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததாம். பூவாள் குழந்தைக்குக் குரல் கொடுத்துக் கொஞ்சுகிறவளாம். பிறந்த குழந்தையைத் துடைத்து, பேசிக்கொண்டே தாயின் கையில் கொடுக்கிற எங்களுக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

சிப்பிராள் என்பது செமித்தியப் பெயர்தான். எகிப்திலிருந்த அடிமைகளைப் பட்டியலிடும் புரூக்ளின் பாப்பிரஸ் சுருளிலும் அதற்கு இணையான பெண்பெயர் உண்டு. ஆகவே எபிரெயப் பெண்கள் என்ற கட்சிக்கும் பலம் இருக்கிறது. ஆனாலும் எங்கள் மனம் மறுபக்கமே சாய்கிறது. 17-ம் வசனம் அவர்கள் கர்த்தருக்குப் பயந்தார்கள் என்று சொல்லாமல், தேவனுக்குப் பயந்தார்கள் என்கிறது. எபிரெயத்தில் 'ஏலோகீம்'. கேராரின் அந்நியரைப்பற்றி ஆபிரகாம் ஆதியாகமம் 20:11-ல் பேசும்போதும் இதே சொல்தான். தங்கள் சொந்த ராஜாவின் கட்டளையை அந்நியரின் பிள்ளைகளுக்காக மீறினார்கள் என்றால், அது எவ்வளவு பெரிய காரியம்! டோஸ் தவறாய்த் தோன்றினாலும் டாக்டரைத் திரும்பக் கேட்க எங்களுக்கே நா எழாத நாட்கள் உண்டு.

நம் வேதாகமம் 'மணை' என்று சொல்லும் 'ஒப்னாயிம்', எபிரெயத்தில் இரண்டு கற்கள். எரேமியா 18:3-ல் குயவனின் திரிகைக்கும் இதே சொல். 2001-ல் எகிப்தின் அபிதோசில், பிரசவத்தின்போது பெண்கள் பயன்படுத்திய களிமண் செங்கல் ஒன்று கிடைத்தது. 35 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 3,700 வருடப் பழமை. பிறந்த குழந்தையை ஏந்திய தாயின் படம் அதில் தீட்டப்பட்டிருக்கிறது.

எபிரெய ஸ்திரீகள் பலமுள்ளவர்கள், நாங்கள் போகுமுன்னே பெற்றுவிடுகிறார்கள் என்று பார்வோனுக்குப் பதில் சொன்னார்களே, அது பொய்யா? நாங்கள் ஓடிச் சேருமுன்னே பிறந்துவிடுகிற குழந்தைகளை லேபர் வார்டில் பார்த்திருக்கிறோம். ஆகவே முழுப்பொய் என்று சொல்லமாட்டோம். அங்கே பலமுள்ளவர்கள் என்பதற்கு எபிரெயம் 'ஹாயோத்'. பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றினார்கள் என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருகிறது. பிற்கால எபிரெயத்தில் மருத்துவச்சிக்கே 'ஹாயா' என்று பெயர்.