குவாதலூப்பில் தனியாக ஒரு வாரம்: இலங்கைக் கடவுச்சீட்டுடன் கரீபியன் தீவுக்குச் செல்வது எப்படி?

பயணம் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் பல பொருள்கள் உண்டு. இடம்பெயர்ந்தது ஒரு பயணம். பாஸ் எடுத்துக்கொண்டு வவுனியா தாண்டி கொழும்புக்கு வந்தது ஒரு பயணம். ஏஜென்சிக்குக் காசு கட்டி, வெள்ளவத்தை லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாடு போனது இன்னொரு பயணம். எவரையும் பார்க்கப் போகாமல், எங்கும் தங்கிவிடும் எண்ணமும் இல்லாமல், சொந்தக் காசில் ஏழு நாள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது மட்டும் இந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை. “தனியாகவா? எதற்கு?” என்ற கேள்வி வீட்டிலும் வரும், வீசா அலுவலகத்திலும் வரும்.

யுத்தத்தின் ஊடாக வந்தவர்களுக்கும் ஓய்வு உரியதுதான். அந்த ஓய்வைத் தூரத்துக் கரீபியனில் தேட விரும்புவோருக்கு, குறிப்பாகக் கொழும்பிலிருந்து முதல் தடவையாகத் தனியே புறப்படுவோருக்கு, இந்தக் கட்டுரை ஒரு கைநூலாக இருக்கட்டும். பாரிஸ், லண்டன், ரொறன்ரோ வாசகர்களுக்கான குறிப்புகளும் இதில் உள்ளன.

எந்தத் தீவு?

கரீபியன் கடலின் பல தீவுகள் தனித்தனி நாடுகள். சில ஐரோப்பிய நாடுகளின் ஆட்சிக்குட்பட்டவை. பார்படோஸும் டொமினிக்காவும் இலங்கையர் முன்கூட்டியே வீசா பெறத் தேவையில்லாத நாடுகள். ஆனால், அங்கு போய்ச் சேர்வது வேறு விடயம். கொழும்பிலிருந்து கரீபியனுக்கு நேரடி விமானம் இல்லை. லண்டன், பாரிஸ், அம்ஸ்டர்டாம், மியாமி, ரொறன்ரோ போன்ற ஏதாவது ஒரு நகரத்தில் விமானம் மாற வேண்டும். ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் விமானம் மாறுவதற்குக்கூட இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இடைத்தங்கல் வீசா வேண்டும். பிரித்தானியாவிலும் அப்படித்தான். அமெரிக்காவும் கனடாவும் இடைத்தங்கலுக்கும் வீசா கேட்கின்றன. வீசா தேவையில்லாத தீவுக்குப் போகவும் வழியில் ஒரு வீசா எடுக்க வேண்டும் என்பதே நடைமுறை.

எப்படியும் வீசா எடுக்கத்தான் வேண்டுமென்றால், போகும் தீவையும் வழியையும் ஒரே நாட்டுக்குள் வைத்துக்கொள்வது இலகு. அதனால்தான் இங்கே குவாதலூப்பைத் தெரிவுசெய்கிறோம். 1946 முதல் அது பிரான்ஸின் ஒரு மாவட்டம், நாணயம் யூரோ. பாரிஸிலிருந்து சுமார் ஒன்பது மணிநேர விமானப் பயணம். எங்களில் பலருக்குப் பாரிஸில் ஓர் இரவு தங்க உறவினர் வீடு இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: அந்தத் தீவில் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. அதைப் பின்னால் பார்ப்போம்.

வீசா: கவனிக்க வேண்டிய மூன்று விடயங்கள்

முதலாவது, குவாதலூப் பிரான்ஸுக்குச் சொந்தமானது. ஆனால் ஷெங்கன் வலயத்துக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் வீசா அங்கு செல்லாது. கொழும்பில் பிரெஞ்சு வீசாவுக்கான விண்ணப்பங்களை வி.எஃப்.எஸ். நிலையம் ஏற்கிறது. விண்ணப்பிக்கும்போதே பாரிஸையும் குவாதலூப்பையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். கடவுச்சீட்டு கைக்கு வந்ததும், வீசாவில் செல்லுபடியாகும் இடம் பற்றிய வரியைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, பாரிஸில் விமான நிலையம் மாற வேண்டி வரலாம். வளைகுடா வழியாக வரும் விமானங்கள் சார்ள்ஸ் டி கோல் நிலையத்தில் இறங்குகின்றன. குவாதலூப் விமானங்களில் பல ஓர்லி நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. இரண்டுக்கும் இடையில் போக ஷெங்கனுக்குள் நுழையத்தான் வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு தடவை நுழைவீர்கள். ஒரே நுழைவுக்கான வீசா போதாது. இரண்டு அல்லது பல நுழைவுகளைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வருவீர்கள் என்பதற்கான சான்று. தொழில் தருநரின் விடுமுறைக் கடிதம், வங்கிக் கூற்றுகள், தங்குமிட முன்பதிவு, திரும்பும் பயணச்சீட்டின் முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோ வரையான மருத்துவக் காப்புறுதி ஆகியவை தேவை. பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் எழுத்து வேறுபட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து மறுபிரதி எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும் சிக்கல். கணக்கில் திடீரென்று பெருந்தொகை விழுந்திருந்தால் அதற்கு விளக்கம் வேண்டும். உறவினர் அனுப்பிய பணமென்றால் கடிதத்துடன் அப்படியே சொல்லுங்கள். பயணத்துக்கு ஆறு மாதங்கள் இருக்கும்போதே ஷெங்கன் விண்ணப்பத்தைக் கொடுக்க முடியும். கடைசி வாரம் வரை வைத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு சந்தேகம் ஏன் என்று கேட்கலாம். 2019 ஒக்டோபரில் டேர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளுக்கு அருகே, 150க்கும் அதிகமானோருடன் சென்ற படகொன்று மறிக்கப்பட்டது. அமெரிக்கா நோக்கிச் சென்ற அந்தப் படகில் இலங்கையரும் இருந்தனர். கரீபியன் கடல் எங்களவர்களுக்குக் களவுப் பாதையாகவும் இருந்திருக்கிறது. அந்தப் பாதையில் போனவர்களைக் குறைசொல்ல இங்கு எதுவுமில்லை. ஆனால், தனியே போகும் ஒரு தமிழ் இளைஞரின் விண்ணப்பம் இந்தப் பின்னணியில்தான் படிக்கப்படும். ஏன் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைப்பது உதவும்.

புலம்பெயர்ந்தோருக்கு: பிரெஞ்சு, பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டுகளுக்கு வீசா தேவையில்லை. பிரான்ஸின் வதிவிட அனுமதி உள்ளவர்கள் தனி வீசா இன்றியே போகலாம். ஜேர்மனி, சுவிஸ் வதிவிட அனுமதியுடனோ அகதிகளுக்கான பயண ஆவணத்துடனோ இருப்பவர்கள் பிரெஞ்சுத் தூதரகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொன்றியலிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. அகதி ஆவணத்தில் ஊருக்கு வர முடியாமல் இருப்பவர்களுக்குப் பனையும் தென்னையும் இல்லாத குளிர்நாட்டுக்கு வெளியே சில நாட்கள் என்பது சிறிய விடயம் அல்ல.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். கூட்டமும் விலையும் அப்போது அதிகம். கிறிஸ்மஸ், பெப்ரவரிப் பாடசாலை விடுமுறை நாட்களில் இன்னும் அதிகம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களே அதில் அபாயம் கூடியவை. 1989 செப்டெம்பரில் ஹியூகோ சூறாவளி குவாதலூப்பைப் புரட்டிப் போட்டது. மே மாதம் நடுவழி: மழை முழுதாகத் தொடங்கியிராது, விலையும் இறங்கியிருக்கும். ஆனால், அந்த மாதங்களில் சர்காசம் என்ற கடற்பாசி கிழக்குக் கரைகளில் குவிந்து அழுகி மணக்கும். அறை எடுக்குமுன் அந்தக் கடற்கரையின் அண்மைய படங்களைப் பாருங்கள். இலங்கை நேரத்தைவிட அங்கு ஒன்பதரை மணிநேரம் பின்தங்கியிருக்கும். அம்மாவுக்கு அழைப்பதென்றால் அங்கு காலை பத்து மணி நல்ல நேரம். இங்கே இரவு ஏழரை.

அங்கே எங்கள் பெயர்கள்

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு மலிவான கூலிகள் தேவைப்பட்டனர். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் முதலாவது இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த 35 ஆண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டனர். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஏறிய தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் இன்னொரு தொகுதியினர் மன்னார்க் கரையில் இறங்கி மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர்.

குவாதலூப்பில் பிறந்த அவர்களது பிள்ளைகளுக்கு நீண்ட காலம் குடியுரிமை அங்கீகரிக்கப்படவில்லை. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் அவர்களுக்கான வாக்குரிமை வழக்கைத் தொடங்கினார். 1923இல் அவர்கள் பிரெஞ்சுக் குடிகளாக ஏற்கப்பட்டனர். இலங்கையிலோ அதற்கு 25 ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது.

இன்று அந்தத் தீவில் முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வாழ்கின்றன. ஏர்னெஸ்ட் முத்துசாமி என்ற எழுத்தாளர் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் சென்-பிரான்சுவா நகரத்தின் மேயராகவும் இருந்தவர். மாரியம்மன் அங்கு ‘மாலியெமின்’. மொழி பேச்சில் இல்லை; வழிபாட்டில் சில தமிழ்ப் பாடல்கள் பொருள் தெரியாமலே தலைமுறை கடந்து வந்துள்ளன. தமிழரைக் கண்ட மகிழ்ச்சியில் தமிழில் பேசத் தொடங்கினால் அவர்களுக்கு விளங்காது. பிரெஞ்சில் ‘பொன்ஜூர்’ சொல்லித்தான் எந்தப் பேச்சையும் தொடங்க வேண்டும். புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் நிலைக்குமா என்று கவலைப்படுபவர்களுக்கு அந்தக் கோயில் வாசலில் யோசிக்க நிறைய இருக்கும்.

கொழும்பு வாசகர்களுக்கு ஒரு செய்தி: குவாதலூப்பின் பேர்போன உணவின் பெயரே ‘கொலொம்போ’. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த தூளில் கோழியோ ஆடோ சமைப்பார்கள். பெயர் கொழும்பு நகரத்திலிருந்து வந்ததா, குழம்பு என்ற சொல்லிலிருந்து வந்ததா என்பதில் இரு கருத்துகள் உண்டு. எங்கள் நாக்குக்கு அது உறைப்புக் குறைந்த இறைச்சிக் கறி.

ஏழு நாட்கள்

குவாதலூப் வண்ணத்துப்பூச்சி வடிவானது. கிழக்குச் சிறகு கிராண்ட்-தேர்: தட்டையான நிலம், வெண்மணல். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: மலை, காடு, எரிமலை. நான்கு இரவுகள் கிழக்கிலும் மூன்று இரவுகள் மேற்கிலும் தங்கினால் அலைச்சல் குறையும்.

முதல் நாள்: சென்ட்-ஆன் கடற்கரையில் ஓய்வு. நீண்ட பயணத்தின் பின் வேறெதுவும் வைக்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: பொயின்ட்-ஆ-பித்ர் நகரம். காலையில் சந்தை. பின்னர், பழைய சீனி ஆலையொன்றின் நிலத்தில் 2015இல் திறக்கப்பட்ட ‘மெமோரியல் ஆக்ட்’ என்ற அடிமைமுறை நினைவகம். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். நினைவுகூர்வதற்கே போராட வேண்டியிருக்கும் எங்களுக்கு, ஓர் அரசு அதற்கென்று கட்டடம் எழுப்பியிருப்பதைப் பார்ப்பது தனி அனுபவம்.

மூன்றாம் நாள்: சென்-பிரான்சுவா நகரமும், தீவின் கிழக்கு முனையான பொயின்ட் தே ஷாத்தோவும். பாறையில் அலை மோதும் இடம்; குளிக்கும் இடம் அல்ல.

நான்காம் நாள்: கடற்கரை நாள். மழைக்கு ஒதுக்கி வைக்கவும் இது உதவும்.

ஐந்தாம் நாள்: மேற்கே கப்பெஸ்தேர்-பெல்-ஓ. ஹென்றி சிதம்பரத்தின் ஊர் இது. சாங்கி என்ற இடத்திலுள்ள கோயிலும், மேலே காட்டுக்குள் கார்பே நீர்வீழ்ச்சிகளும் ஒரே நாளில் முடியும். இரண்டாவது நீர்வீழ்ச்சியின் உயரம் 110 மீற்றர்.

ஆறாம் நாள்: துருவா-ரிவியேரிலிருந்து படகேறி லே சென்த் தீவுகளுக்கு. அரை மணிநேரத்துக்கும் குறைவான ஓட்டம். கடல் கொந்தளிப்பு உண்டு; வயிறு பிரட்டுபவர்கள் மாத்திரை வைத்திருங்கள்.

ஏழாம் நாள்: 1,467 மீற்றர் உயரமான லா சூஃப்ரியேர் எரிமலையின் அடிவாரம். 1976இல் அது சீறியபோது சுமார் 70,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். உச்சிக்கு ஏறுவது வானிலையையும் அன்றைய அறிவித்தலையும் பொறுத்தது. பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் புறப்படுவதால், அன்று மாலையே விமானமென்றால் மலையைத் தவிர்த்து நகரச் சந்தையில் கொலொம்போத் தூள் வாங்கலாம்.

தனியே இருப்பவர் கவனிக்க

பஸ் உண்டு, ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நம்ப முடியாது. வாகனம் வாடகைக்கு எடுப்பவர்கள் சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கேயே எடுத்துச் செல்லுங்கள். அங்கு வாகனம் ஓடுவது வீதியின் வலப்பக்கத்தில். எங்கள் பழக்கத்துக்கு நேரெதிர்.

பொயின்ட்-ஆ-பித்ர் நகர மையம் இருட்டியதும் வெறிச்சோடும். தனியே போகும் பெண்கள் அங்கு அறை எடுக்காமல் கரையோர ஊர்களில் வீட்டுக்காரர் அருகிலேயே வசிக்கும் விடுதிகளைத் தெரிவுசெய்வது நல்லது. விமானம் பகலில் இறங்குமாறு பயணச்சீட்டை எடுங்கள். அன்றாடத் திட்டத்தை ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள். அவசர இலக்கம் 112.

கடற்கரைகளில் மான்செனில் என்ற நச்சு மரம் உண்டு. பல இடங்களில் சிவப்புக் கோடு பூசியிருப்பார்கள். காய் சிறிய அப்பிள் போலிருக்கும். உண்ணவும் கூடாது, மழைக்கு அதன் கீழ் ஒதுங்கவும் கூடாது, சொட்டும் நீரே தோலைப் பொசுக்கும். நுளம்புக் களிம்பு அவசியம், டெங்கு அங்கும் உண்டு. குழாய் நீர் சில நாட்களில் நிறுத்தப்படும் தீவு அது. அறையில் இரண்டு போத்தல் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

செலவு குறைந்த பயணம் இது அல்ல. விமானச்சீட்டே பெரும்பங்கை எடுத்துவிடும். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க, சமையலறை உள்ள தங்குமிடம் எடுங்கள். ஒரு வருடம் சிறுகச் சேர்த்து, அடுத்த வருடம் போகத் திட்டமிடுவது பலருக்குச் சரிவரும். அந்த ஒரு வருடச் சேமிப்பு வங்கிக் கூற்றில் ஒழுங்காகத் தெரிவது வீசாவுக்கும் நல்லது. ஆகவே முதல் வேலை பயணச்சீட்டு பார்ப்பது அல்ல. கடவுச்சீட்டின் காலாவதித் திகதியைப் பாருங்கள். பிறகு ஒரு சேமிப்புக் கணக்கைத் திறவுங்கள்.